ஒரே மூக்குக்காரர்களின் ஊர்

ஜெர்மனி தேசத்தில் லிண்டன்ரோடா என்று ஓர் ஊர் இருந்தது, இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது, ரயிலில் போனால் தாராளமாக இறங்கலாம். இறங்கும்போது டிக்கெட்டைப் பரிசோதிக்கிறவரின் மூக்கை மட்டும் ஒரு தரம் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நெற்றியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் ஏதோ மறந்துபோன மாதிரி நின்று யோசித்து, அப்புறம் போனால் போகிறது என்று கீழே இறங்குகிற மூக்கு அது, ஏனென்றால் ஊருக்குள் போனால் அதே மூக்கைத் தபால்காரர் முகத்தில் பார்ப்பீர்கள், பாதிரியார் முகத்தில் பார்ப்பீர்கள், விடுதியில் சூப் கொண்டுவந்து வைக்கிறவர் முகத்தில் பார்ப்பீர்கள், பார்த்து மிரண்டுபோய் யாரையாவது கேட்டால், "அதுவா, அவங்கல்லாம் லுட்கர் வகையறா" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அண்ணன் தம்பியும் இல்லை, பெற்ற பிள்ளைகளும் இல்லை. எல்லாரும் லுட்கர் ஃபென்ஸ்கே நடித்த வேஷங்கள்.

லுட்கர் அந்த ஊர் நகராட்சி நாடக அரங்கில் மாதச் சம்பளத்துக்கு இருந்த குணச்சித்திர நடிகர். ராஜா வேஷமும் காதலன் வேஷமும் நெடுநெடுவென்று வளர்ந்தவர்களுக்குப் போய்விடும். கொஞ்சம் கூன் விழுந்த முதுகும் அந்த யோசிக்கிற மூக்கும் உள்ளவருக்கு வந்ததெல்லாம் இரண்டாம் அங்கத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ஊர் வம்பு நாலு வார்த்தை பேசி, ஜனங்களைச் சிரிக்கவைத்துவிட்டுப் போகிற வேஷங்கள்தான். நடு மேடையில் வெளிச்சம் விழுகிற இடம் ஒன்று உண்டே, அந்த இடத்தைத் தாண்டித்தான் அவர் போவார் வருவார், அதில் நின்றது கிடையாது. நிற்க ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி ஹெட்விக்கிடம்கூட, ஆனால் ஹெட்விக்குக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆசை வைத்துக்கொள்ள எந்தப் புருஷனால் முடிந்திருக்கிறது.

அவருடைய அம்மா மகா கண்டிப்பு. அந்த ஊர்க் கறிக்கடைகளில் அம்மாவோடு வருகிற குழந்தைக்குத் தொத்திறைச்சியில் ஒரு வில்லை வெட்டிக் கடைக்காரர் நீட்டுவார், குழந்தை வாங்கிக்கொண்டதும் அம்மாக்காரி குனிந்து, "என்ன சொல்லணும்?" என்பாள், குழந்தை "நன்றி" என்று சொல்லும், சொன்ன பிறகுதான் வாயில் வைக்கலாம். லுட்கரின் அம்மா கேட்கிற தோரணையில் கடைக்காரரே பயந்துபோய் நன்றி சொல்லிவிடுவார் என்பார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிற மாதிரி, லுட்கர் வளர்ந்து ஆளான பின்பும் கதவு தானாகத் திறந்தால் கதவுக்கு நன்றி சொன்னார், மழை நின்றால் மேகத்துக்கு நன்றி சொன்னார்.

அதில்தான் வந்தது வினை. அந்த தேசத்து நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம்: ஒரு நாடகம் முதன்முதலாக மேடையேறுகிற அன்று, நடிகரின் இடது தோளுக்கு மேலாக யாராவது "தொய், தொய், தொய்" என்று மூன்று தரம் துப்புவார்கள், நாம் கண்ணேறு கழிக்கத் தூ தூ தூ என்று துப்புகிறோமே, அதேதான். துப்பினவர்களுக்கு நன்றி மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சொன்னதில்லை. லுட்கர் முதல் வேஷம் கட்டிய அன்று, மேடைக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற அகாதா என்கிற பெண் அவர் தோளுக்கு மேல் துப்பினாள், அந்த மனுஷர் வெகு பணிவாகத் திரும்பி, "ரொம்ப நன்றி" என்றார். நுணலும் தன் வாயால் கெடும். திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுபோனார்கள்.

அன்று நாடகம் முடிந்து, லுட்கர் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில், நடிகர்கள் போய்வருகிற பின்வாசல் கதவு திறந்தது, தபால்காரர் க்விரின் வெளியே வந்தார். நாடகத்தில் லுட்கர் நடித்த அதே க்விரின், அதே நீலக் கோட்டு, அதே மீசை, மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் ஒட்டினது இல்லை, வளர்ந்தது. நேரே தபாலாபீசுக்குப் போய், "என்னோட பை எங்கே?" என்று கேட்டார். தபாலாபீசில் அப்போது ஆள் பற்றாக்குறை, கிழக்கு வீதிக்குத் தபால் போய் ரொம்ப நாளாயிற்று, பையைக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கிழக்கு வீதிக்காரர்களுக்குத் தபாலும் வந்தது, கூடவே நாலு வார்த்தை ஊர் வம்பும் வந்தது, அதற்கப்புறம் அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்க யாருக்குத் தோன்றும்.

பழகப் பழக எல்லாம் பழகிவிட்டது. ஒவ்வொரு புது நாடகத்துக்கும் அகாதா துப்பினாள், ஒவ்வொரு தரமும் லுட்கர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார், ஒவ்வொரு தரமும் வாய் தானாக நன்றி சொல்லிவிட்டது. துப்பாமல் விட்டுப் பார்ப்போமே என்று ஒரு வருஷம் விட்டார்கள், அந்த வருஷம் மேல்விளக்கு அறுந்து கதாநாயகனின் கால்மேல் விழுந்தது, சரி, விளக்கு விழுவதற்கு ஆள் வருவது எவ்வளவோ மேல் என்று பழையபடி துப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பாதிரியார் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஒரு செவிட்டு மனுஷர் வந்தார். புது ஆள் பின்வாசலில் எட்டிப் பார்ப்பதற்குள் ஹெட்விக் ஒரு கம்பளியும் ஒரு ஜோடி செருப்பும் எடுத்துக்கொண்டு போய் நிற்பாள், செருப்பு அளவு தெரியும், புருஷனுடைய அளவுதானே. அரங்கத்துத் தையற்காரர்தான் ஒவ்வொரு தரமும் கோட்டு கையை விட்டுப் போகிறது என்று புலம்பிக்கொண்டு, அப்புறம் முதலிலேயே இரண்டிரண்டாகத் தைக்கப் பழகினார்.

பெரிய நகரத்து ஸ்டூடியோவிலிருந்து சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் கூப்பிட்டார்கள், அங்கேயும் யாராவது ஒருத்தர் துப்பினார்கள், இவர் அங்கேயும் நன்றி சொன்னார். சினிமா வேஷங்கள் ரயிலேறி வந்தன. கறுப்பு வெள்ளைக் காலத்துத் தொடரில் நடித்த டிக்கெட் பரிசோதகர் தலைமுடி முதல் நகம் வரை சாம்பல் நிறமாக வந்து இறங்கினார், ஊரில் சாம்பல்காரர் என்றால் அவர்தான், செர்ரிப் பழம் தின்றால் உதடு மட்டும் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், அதைப் பார்க்கவே பிள்ளைகள் பழம் கொண்டுபோய்க் கொடுக்கும். சூப் பரிமாறுகிறவராக நடித்த படத்தில் அவருடைய காட்சியை வெட்டித் தள்ளிவிட்டு ஒரே ஒரு வசனத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள், ஆகையால் அந்த மனுஷருக்கு "பார்த்து, சூடா இருக்கு" என்பதைத் தவிர வேறொன்றும் பேச வராது, ஆனால் 'தங்க வாத்து' என்கிற ஊர் விடுதியில் அவர் அதைச் சொல்கிற விதத்தில் ஆறின சூப்கூடக் கொஞ்சம் சூடானது.

அப்புறம் பெர்லினில் சுவர் விழுந்தது, அந்த ஊர் இருந்த கிழக்கு ஜெர்மனி மேற்கோடு சேர்ந்தது, ஊர் நூல் ஆலையை மூடினார்கள், வாலிபப் பிள்ளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள், சுற்றுவட்டாரத்தில் ஒவ்வோர் ஊராகக் கடை சாத்திற்று, பள்ளிக்கூடம் சாத்திற்று. லிண்டன்ரோடாவில் மட்டும் தபால் வந்தது, மாதா கோயில் மணி அடித்தது, மருந்து கிடைத்தது. நகராட்சித் தலைவர் டீட்மார், லுட்கரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், தெருவில் லுட்கரைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அடுத்து என்ன வேஷம்? பல் டாக்டர் வேஷம் ஏதாவது இருக்கான்னு பாரேன்" என்று கெஞ்சுவார். லுட்கருக்கு அதில் சந்தோஷம்தான். சாயங்காலம் நடந்து போனால் வீதி முழுக்கத் தன் மூக்கு எதிரே வந்து வணக்கம் சொன்னது, இன்னும் என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு. அந்த நடு மேடை வெளிச்சம் மட்டும் பாக்கி.

தலை நரைத்து ஓய்வு நெருங்கின சமயத்தில் பெர்லினிலிருந்து யூடித் என்று ஒரு பெண் நாடகம் இயக்க வந்தாள். லுட்கரைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள். "சாணைக்காரன் வேஷத்தை நீங்கதான் பண்றீங்க" என்றாள். சாணைக்காரன்தான் அந்த நாடகத்தின் நாயகன், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை நடு மேடையை விட்டு நகராதவன். ஊர் ஊராகச் சக்கரம் தள்ளிக்கொண்டு போய்க் கத்தி தீட்டுகிறவன், மழையானாலும் பனியானாலும் வாசற்படியிலேயே வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறவன், எந்த வீட்டிலும் உள்ளே வா என்று ஒரு சொல் கேட்காதவன், கடைசியில் மூன்று வீட்டில் மூன்று பேரைக் குத்திக் கொன்றவன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் லுட்கர் ரொட்டியை வெட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நடு மேடையா?" என்று கேட்டாள் ஹெட்விக், அவர் தலையாட்டினார், "கொலைகாரனா?" என்று கேட்டாள், அதற்கும் தலையாட்டினார். அந்த ஊரில் பெண்டாட்டி புருஷனை நீ என்றுதான் கூப்பிடுவாள். "நீ இதைப் பண்ணணும், லுட்கர். ஊரை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

சொல்வது சுலபம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. தங்க வாத்து விடுதியில் கூட்டம் போட்டார்கள், பீர் கோப்பையைத் தொடாமல் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்ததிலிருந்தே நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். டீட்மார்தான் எழுந்தார்.

"லுட்கர், எனக்கு நீ தம்பி மாதிரி. தபால்காரர் வந்தாரு, பை குடுத்தோம். பாதிரியார் வந்தாரு, கோயிலைக் குடுத்தோம். கொலைகாரன் வந்தா நான் எதைக் குடுக்க?"

"சாணை பிடிக்கிறவன்னு சொல்லுங்க, எங்க வீட்டுக் கத்தி வெண்ணெயைக்கூட வெட்ட மாட்டேங்குது" என்றாள் கறிக்கடைக்காரி, நாலு பேர் சிரித்தார்கள், சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

ஹெட்விக் எழுந்தாள். "இத்தனை வருஷமா உங்களுக்கு ஆள் ஆளாக் குடுத்தானே, அவன் உங்ககிட்ட என்ன கேட்டான்? ஒரே ஒரு நாள் நடுவுல நிக்கணும்னு ஆசைப்படறான். அதுக்குக்கூட மனசு வரலையா உங்களுக்கு?"

"வருது, ஹெட்விக், வருது. ஆனா அவன் வாய் இருக்கே" என்றார் டீட்மார்.

"வாயை நான் அடைக்கறேன்."

அந்த ஊரில் ஒரு பேச்சு பிடித்திருந்தால் கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். ரொம்ப நேரம் ஒருத்தரும் தட்டவில்லை. அப்புறம் கோடி மேசையில் ஒரு தட்டுச் சத்தம், பார்த்தால் க்விரின், அப்புறம் பாதிரியார், அப்புறம் சாம்பல்காரர், செவிட்டு மனுஷர்கூடப் பக்கத்து ஆளைப் பார்த்துத் தட்டினார், சூப்காரர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து தட்டினார், லுட்கருடைய முட்டிகள்தான் அத்தனையும், லுட்கர் தலை குனிந்துகொண்டார், மற்றவர்களும் வேறு வழியில்லாமல் தட்டினார்கள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள்: முதல் நாடகம் ஞாயிற்றுக்கிழமை பகலில் நடக்க வேண்டும், எந்தச் சனியன் வருவதானாலும் வெளிச்சத்தில் வரட்டும்.

ஒத்திகை நடந்தது. ஆரம்பத்தில் லுட்கருக்கு அந்தச் சாணைக்காரனைப் பார்க்கவே பயமாகத்தான் இருந்தது, ஆனால் நாள் முழுக்க ஒருத்தனுடைய கோட்டுக்குள் இருந்துகொண்டு எத்தனை நாளைக்குப் பயப்பட முடியும். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி அவனுடைய தோள்வலி இவருக்கு வந்தது, வாசற்படிக் குளிர் இவர் இடுப்பில் ஏறிற்று. உள்ளே காபி வாசனை வருகிறபோது அவன் வேலையை மெதுவாகச் செய்வான், அதை நாடகாசிரியர் எழுதவில்லை, லுட்கராகக் கண்டுபிடித்தது. கொலை கொலைதான், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, குத்துகிற காட்சி முடிந்தால் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு நாளும், மற்ற எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு இவன் ஒருத்தனை மட்டும் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டுப் போகப் போகிறோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் ஆசைப்பட்ட வெளிச்சம் தலைமேல் விழுகிறது, அதை நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹெட்விக் காலையிலேயே உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, உள்ளே வறுத்த ரொட்டித் துண்டு வைத்துக் கைமுட்டி அளவு உருண்டை பிடித்து வேகவைத்தாள், அந்தச் சீமையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடே அந்த உருண்டைதான், பார்ப்பதற்கு நம் கொழுக்கட்டைக்குப் பெரியப்பா. மேடை ஓரத்தில் நின்ற லுட்கரை வாய் திறக்கச் சொல்லி, முழுசாக உள்ளே தள்ளினாள். "பேசு பார்க்கலாம்" என்றாள். அவரால் மூச்சுவிடத்தான் முடிந்தது. டீட்மார் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய் உட்கார்ந்தார்.

அகாதா வந்தாள். கிழவியாகிவிட்டாள், ஓய்வெடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு மட்டும் காது கேட்காது. இடது தோளுக்கு மேலாக, தொய், தொய், தொய் என்று துப்பினாள். லுட்கர் உருண்டையும் வாயுமாக நின்றார். அவள் திரும்பித் தன் பள்ளத்தில் இறங்கப் போனாள், முழங்கால் பிடித்துக்கொண்டது, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, என்னவோ குறைகிறதே என்கிற மாதிரி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வருஷக் கணக்காக ஒவ்வொரு தரமும் கேட்ட சொல் இன்று வரவில்லை, அவ்வளவுதான், அவளுக்கே தெரியாமல் முகம் அதற்காகக் காத்திருந்தது.

லுட்கர் அவளைப் பார்த்தார், வெளிச்சத்தில் தயாராக நிறுத்தியிருந்த சாணைச் சக்கரத்தைப் பார்த்தார். ஊர் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கிறது, பிள்ளைகுட்டிகள் உள்பட, எல்லாரும் இவர் வாயை நம்பி. உருண்டையை மென்றார், கண்ணில் தண்ணீர் வர மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"ரொம்ப நன்றி, அகாதா" என்றார்.

அகாதா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

நாடகத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. நடு மேடையில் மூன்று மணி நேரம் நின்றார் லுட்கர் ஃபென்ஸ்கே, நின்றார் என்றால் அப்படி நின்றார், ஜனங்கள் அழுதார்கள், பயந்தார்கள், மூன்றாவது கொலையின்போது கறிக்கடைக்காரி எழுந்து நின்று, "அவனை உள்ளே கூப்பிடேன்டி" என்று மேடையைப் பார்த்துக் கத்திவிட்டாள். திரை விழுந்த பிறகு தனியாக வந்து வணங்கினார், அதுவும் அவருக்கு வாழ்க்கையில் முதல் தரம், கூரை இடிகிற மாதிரி கைதட்டல், அவர் முகத்தில் மட்டும் பாதிச் சிரிப்புதான் இருந்தது.

பின்வாசலுக்கு வெளியே முற்றத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காபிக் குடுவைகளை வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் காபியும் கேக்கும் சாப்பிடாவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு வாரமே முடியாது. நடுவில் பிளம்ஸ் பழத்தை வரிசை வரிசையாக அடுக்கிச் சுட்ட பெரிய தட்டுக் கேக். லுட்கர் வெளியே வந்ததும் எல்லாரும் முட்டியால் மேசையைத் தட்டின தட்டில் கோப்பையெல்லாம் குதித்தது. "வாய் கெட்டிதான்டா உனக்கு" என்று டீட்மார் முதுகில் தட்டினார். அகாதா தன் தட்டைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. முதலில் சக்கரம் வந்தது, அப்புறம் அவன் வந்தான்.

மேசைத் தட்டல் நின்றுபோயிற்று. ஒரு தாய் தன் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். டீட்மார் லுட்கரைப் பார்த்தார், லுட்கர் தன் பூட்ஸைப் பார்த்தார், ஹெட்விக் தன் புருஷனைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. திட்டவில்லை. அவளுக்கும் பயம்தான், ஆனாலும் கேக் வெட்டுவதற்காக எடுத்து வைத்த நீளக் கத்தியைப் பிடியைத் திருப்பி அவனிடம் நீட்டினாள்.

"இது வெட்ட மாட்டேங்குது. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

அவன் வாங்கிக்கொண்டான். கட்டைவிரலால் கத்தியின் கூர்மையைத் தடவிப் பார்த்தான். அங்கேயே, வாசற்படியிலேயே உட்கார்ந்து சக்கரத்தை மிதித்தான், பொறி பறந்தது. முடித்து எழுந்து கத்தியோடு மேசையை நோக்கி நடந்து வந்தான், லுட்கருடைய மூக்கு, லுட்கருடைய முதுகு, கண் மட்டும் லுட்கருடையது இல்லை. சூப்காரர்தான் நகராமல் நின்றார். "பார்த்து, சூடா இருக்கு" என்று காபிக் குடுவையைக் காட்டிச் சொன்னார்.

சாணைக்காரன் குனிந்து கேக்கை வெட்டினான். நேர் நேராக, ஒரு பழம்கூடச் சிதையாமல், எல்லாத் துண்டும் ஒரே அளவாக வெட்டினான், தட்டில் எடுத்து எடுத்து வைத்தான், குழந்தைக்காரிக்கு வைத்தான், டீட்மாருக்கு வைத்தான், பயந்தவர்களுக்கும் வைத்தான். கத்தியைத் துடைத்து, பிடியைத் திருப்பி ஹெட்விக்கிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பழக்கம் போகாமல் வாசற்படிக்கே திரும்பிப் போனான்.

ஹெட்விக் ஒரு நாற்காலியை இழுத்துத் தனக்கும் லுட்கருக்கும் நடுவில் போட்டாள். "இங்க வந்து உட்காருங்க. காபி ஆறுது" என்றாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். கோப்பையை அவன் முன்னால் வைத்தாள், ஒரு துண்டு கேக்கை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை, முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்து, வெகு காலமாகத் திறக்காத கதவைத் திறக்கிறவன் மாதிரி வாயைத் திறந்து, "ரொம்ப நன்றி" என்றான். அப்புறம்தான் வாயில் வைத்தான்.

அகாதாவுக்கு அந்த நாடகம் முழுக்க மனப்பாடம், ஒரு கால்புள்ளி விடாமல். அவள் லுட்கர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள், "இந்த வசனம் நாடகத்துல எங்கேயுமே இல்லையே."

"இல்ல. அது எங்கம்மாவோடது" என்றார் லுட்கர். இப்போதுதான் அவர் முகத்தில் முழுச் சிரிப்பு வந்தது.

அகாதா தன் கேக்கை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கறிக்கடைக்காரி தன் கத்திகளை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சாணைக்காரன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனாள்.